அழைப்பு விளக்கு

பொத்தானை அழுத்திய பிறகுதான் ஒட்னிக்கு உறைத்தது, இந்தத் துறைக்கு இனி ஃபெர்ரியே வராது என்று. பாலம் திறந்த வசந்தத்திலேயே ஃபெர்ரியை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். விளக்குக் கம்பத்தின் மின்கம்பியையும் அறுத்துவிட்டார்கள்.

ஆனால் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

பிற்பகலிலேயே கவிந்துவிடும் டிசம்பர் இருட்டு. அழுகிய கடற்பாசியும் பழைய டீசலும் கலந்த வாடை, காற்றில் முனகும் சங்கிலி, தூண்களை நக்கிவிட்டுப் பின்வாங்கும் ஃபியோர்டு என்னும் மலையிடைக் கடற்கழியின் கறுத்த தண்ணீர். அக்கரையில், துறையை ஒட்டி, அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அங்கே அவள் மகள், ஏழு வயது தூவா, தனியாக இருந்தாள்.

வேலை முடிந்து வந்தவளைப் பாலத்துத் தடுப்பில் நின்ற ஹால்வோர் திருப்பி அனுப்பியிருந்தான்.

"காத்து அடங்காம திறக்க மாட்டேன், ஒட்னி. கெஞ்சினா கிளம்புறதுக்கு இது என்ன உங்க பழைய ஃபெர்ரியா?"

அந்தக் கேலிதான் அவளை இங்கே காரைத் திருப்ப வைத்திருக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே கையில் ஊறிய பழக்கம்: இக்கரையில் ஆள் நிற்கிறது என்று விளக்கைப் போட்டால், அக்கரையில் கட்டிக்கிடக்கும் ஃபெர்ரி புறப்பட்டு வரும்.

கைப்பேசி அதிர்ந்தது.

"அம்மா, லைட்டு போட்டியா? ஃபெர்ரி இங்க நிக்குது."

"விளையாடாத, தூவா. கதவைப் பூட்டிக்கோ."

"நிஜமாம்மா. ஆரஞ்சு கோட்டு மாமா டார்ச்ச ஆட்டி ஏறச் சொல்றாரு. உன்னக் கூட்டிட்டு வரத்தான் போறாங்களாம்."

"போகாத. அம்மா சொல்றதக் கேளு. கதவ..."

காதில் காற்றின் இரைச்சல். இரும்புத் தளத்தில் சின்னச் செருப்புகளின் டக் டக். பிறகு ஒன்றுமில்லை.

பொத்தானை மறுபடி அழுத்தினாள். ஓங்கிக் குத்தினாள்.

விளக்கு அணையவில்லை.

அக்கரை ஜன்னலை ஏதோ ஒன்று மெல்ல மறைத்தது. வளர்ந்தது. இயந்திரச் சத்தம் இல்லை. முன்பக்கக் கதவு மேலே தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

ஆரஞ்சு கோட்டுக்காரன் முகத்தைக் காட்டவில்லை. டார்ச்சை மட்டும் ஆட்டினான். வா. வா.

அவன் கையைப் பிடித்தபடி தூவா சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒட்னி ஓரடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். தன் தொப்பியைப் பிடுங்கி எறிந்த அந்தக் காற்றில் மகளின் முடி பறக்கவில்லை. ஆழத்தில் அசைவதுபோல, மெதுவாக, மேல்நோக்கி மிதந்துகொண்டிருந்தது.