கீழ்த்தளக் கசிவு

எல்லா வீடுகளுக்கும் போகும் இணைப்பைத் துண்டித்த பிறகும் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது.

சோலார் கம்பெனி இன்ஜினியருக்கு நம்ப மனமில்லை. இந்த அடுக்குமாடி மனிதர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். மொட்டைமாடியில் சோலார் பலகை மாட்டியபோது, துணி காயப்போட இடம் போயிற்றே என்று மூக்கால் அழுத கூட்டம். பலகை வெயிலை மின்சாரமாக்கும், வீடுகள் எடுத்தது போக மிச்சம் கீழ்த்தளத்துப் பேட்டரியில் சேரும் என்று தண்ணீர்த் தொட்டியை உதாரணம் காட்டிப் பொறுமையாகச் சொன்ன பிறகும், மழை பெய்தால் ஷாக் அடிக்குமா என்று கேட்டவர்கள். எவனோ திருட்டு வயர் இழுத்திருப்பான். வேறென்ன.

"உங்க ஆளுங்க யாரோ கைவரிசை காட்டறாங்க சார்," என்றான் கைபேசியில்.

குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி மேலே, வாசல் கூடத்துத் திரையில் பேட்டரியின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரா வேணா இருக்கட்டும் தம்பி. பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணுங்க. அதுதான் தினம் கரண்ட் போற நேரம். என் வீட்டம்மாவோட ஆக்சிஜன் மெஷின் இதை நம்பித்தான் ஓடுது. நேத்து பாதியில நின்னுபோய், உசிரு போயி உசிரு வந்துச்சு."

பேட்டரி அறையின் வெளிச்சுவரில் இருந்த கடைசி சுவிட்சையும் இறக்கினான். இனி பேட்டரியோடு எதுவும் சேர்ந்திருக்கவில்லை.

"இன்னும் இறங்குது தம்பி."

மூடி இறுக்கிய குடத்தில் தண்ணீர் குறைவதுபோல. முணுமுணுத்தபடி பேட்டரி அறைக்குள் நுழைந்தான். ஈரச் சுண்ணாம்பு வாடையும் காய்ந்த ரப்பர் வாடையும் கலந்து மூக்கில் ஏற, ஒற்றைக் குழல்விளக்கின் வெளிச்சத்தில் இரும்பு அலமாரிகளின் நிழல்கள் சுவர்வரை நீண்டு கிடக்க, அடியில் எங்கிருந்தோ யாரோ மெதுவாக உறிஞ்சிக் குடிப்பதுபோல் ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. அலமாரியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. மின்சாரம் கொடுக்கிற பேட்டரி சூடாகும். குளிராது.

ஓசை நின்றது.

"நின்னுடுச்சு தம்பி!"

"நான் எதையுமே செய்யலை சார்."

வெளியே வந்தான். இறங்குகிறது என்றார் செக்ரட்டரி. உள்ளே போனான். நின்றுவிட்டது என்றார். பழுது பார்க்கும் முறையே அதுதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு. மாறியது அவன் மட்டும்தான். "நான் உள்ள இருந்தா நிக்குது, வெளிய வந்தா இறங்குது சார்," என்றான்.

"அதெப்படி தம்பி?"

பதில் தெரியாதபோதும் விளக்கம் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. "கரண்ட் இழுக்கற எந்த லோடும் கிட்டத்துல சுலபமாக் கிடைக்கறதைத்தான் முதல்ல இழுக்கும் சார். பகல்ல சோலார் கிடைக்கும், அதனால பேட்டரியைத் தொடாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"புரியுது தம்பி."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. படியில் காலடிகள். கதவு சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"சார், விளையாடாதீங்க. கதவைத் திறங்க."

மேலே, திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "இறங்கலைண்ணே. அப்படியே நிக்குது."

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும்மா," என்றார் செக்ரட்டரி, கதவுக்கு அந்தப் பக்கம். "போன் பண்ணினா கம்பெனியில இன்னொரு இன்ஜினியரை அனுப்புவாங்க."

மடையர்கள். ஒன்றும் புரியாத மடையர்கள் என்றுதானே நினைத்திருந்தான்.

குளிர். முதலில் விரல் நுனிகளில். பிறகு முழங்கையில். கத்த வாய் திறந்தான். காற்று மட்டும் வந்தது. உறிஞ்சும் ஓசை மறுபடி தொடங்கியது. மிக அருகில். வலது கை தானாக உயர்ந்து அலமாரி இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. இரும்புக்கு உள்ளேயிருந்து, விரலுக்கு விரல் சரியாக, இன்னொரு உள்ளங்கை அழுந்தியது.

வெளியே கரண்ட் போயிற்று. யாரோ சுவிட்சுகளை ஏற்றினார்கள். மேலே, ஒரு வீட்டில், ஆக்சிஜன் மெஷின் சீராக ஓடியது.

உள்ளே ஓர் ஆள் இருந்தால் பேட்டரி இறங்காது.