ஏரிக்கரையில் பிடித்த கை

வேன் ஏரிக்கரையில் நின்றதும் எல்லாரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். தையல்காரி மட்டும் கடைசியாக இறங்கினாள். தச்சு வேலை செய்த கணவன் இறந்துபோன பிறகு அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எதைத் தொட்டாலும் மரத்துப்போன காலைத் தொடுவதுபோலவே இருந்தது.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா பைத்தியம் பிடிச்சிடும். ஒரு நாளாவது வெளிய வா" என்று அக்காதான் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள்.

நல்ல பகல். ஆனாலும் மரங்களுக்கு அடியில் இருட்டு தேங்கிக் கிடந்தது. இலைகள் அழுகும் வாடை. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாமூச்சி ஆடலாம் என்றார்கள். அக்கா அவள் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டாள்.

"மாட்டேன்னு சொல்லாதடி. யாரையாவது ஒருத்தரைப் பிடி, போதும்."

கைகளை நீட்டியபடி நடந்தாள். சுற்றிலும் கேட்ட சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு காலடியில் சருகு நொறுங்குவது மட்டும்தான் கேட்டது.

அவள் கைக்குள் ஒரு கை வந்தது.

காய்ப்பேறிய உள்ளங்கை. ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது. மீதி ரம்பத்தில் போனது. அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போட்டவள் அவள்தான்.

"நீங்களா?"

மரத்தூள் வாசனை மட்டும் வந்தது.

கைக்குட்டையை இறக்கினாள். எதிரே யாரும் இல்லை. அக்காவும் மற்றவர்களும் எங்கோ தூரத்தில், வேனுக்குப் பக்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். அவளுக்கு நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. கைக்குட்டையை மறுபடி கண்மேல் ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

கை வந்தது.

இந்த முறை விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

எல்லா விரல்களும் முழுசாக இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போனது.

மரத்தூள் வாசனை போய், சேற்று வாடை முகத்தில் அடித்தது.

உருவிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் யாரும் அவள் கையை இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

அவள் உருவிக்கொள்ளவில்லை.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து கண்கட்டை அவிழ்த்தாள். "யார்கிட்டடி பேசிட்டிருந்த?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது கடைசி வரிசையில் அவள் மட்டும் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. பக்கத்து இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது.

ஜன்னலோரமாக ஒதுங்கி இடம் விட்டாள்.

அது போதவில்லை போலிருக்கிறது. அவள் தொடைவரை மெத்தை இன்னும் அமுங்கியது.