கஞ்சிக்கு வந்தவர்கள்

கரண்டு போன அந்த நொடியில் கீழே வாசலில் யாரோ இருமினார்கள்.

யாழினி பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை மடியில் வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். ஆடிக் காற்று அடங்கி, அந்தி மங்கி, தாராபுரம் ரோட்டில் பஸ் சத்தம்கூட இல்லாத நேரம். எதிர்க் கம்பெனியில் தையல் மிஷின்களின் இரைச்சல் கரண்டோடு சேர்ந்து நின்றுபோயிருந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சின்ன இடைவெளியில்தான் இருமல் கேட்டது. கிழட்டு இருமல். அதற்குப் பதில் சொல்வதுபோல வாசலின் இன்னொரு மூலையிலிருந்து ஒன்று. அப்புறம் நடுவிலிருந்து, அடக்கப் பார்த்தும் அடங்காமல் ஒன்று. எதையோ பார்க்கக் காத்திருக்கும் கூட்டம் மொத்தமும் அமைதியாகும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுமே, அப்படி.

எழுந்து சன்னலுக்குப் போவதற்குள் விளக்கு வந்துவிட்டது. வாசலில் ஒருவரும் இல்லை. கீழ்த்தளத்தில் பனியன் வேஸ்ட் குடோனின் ஷட்டர் இறக்கியிருந்தது. கேட் சாத்தியிருந்தது. ரோட்டோரத்து நாய் ஒன்று மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வரமாட்டேன் என்பதுபோலப் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவிநாசிபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த மாடி வீட்டுக்கு அவளும் புருஷன் மகுடேஸ்வரனும் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் திருப்பூர் ராயபுரத்தில் இருந்தார்கள். அங்கேதான் அவர்களுடைய மகள் நித்யஸ்ரீ, மூன்று வயதுக்காரி, வாசலில் இருந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனாள். குழாயில் தண்ணி விட்ட நாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று யாழினி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது வாசல் காலியாக இருந்தது.

தெருவே கூடிவிட்டது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கீழே சுற்றி நின்று பார்த்தது. குழந்தையை அல்ல, அவளை. போலீஸ்காரர் கேட்டார், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், மாமியார் நஞ்சம்மாள் அத்தனை பேர் முன்னாலும் வைத்துக் கேட்டாள், தொட்டிக்கு மூடி போட்டாயா இல்லையா என்று. யாழினிக்கு ஞாபகம் வரவில்லை. இரும்பு மூடியின் கனம் கையில் இருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இன்றுவரை அப்படித்தான். மகுடேஸ்வரன் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். யாருக்கும் தங்களைத் தெரியாத இடமாகப் பார்த்துப் போகலாம் என்று அவர்தான் இந்த வீட்டைப் பிடித்தார்.

மறுநாளும் அந்தியில் கரண்டு போனது. மழைக்கு முந்தைய நாட்களில் அந்தப் பக்கம் அப்படித்தான். இந்த முறை இருமலோடு வேறு சத்தங்களும் கேட்டன. வெறுங்கால்கள் மண்ணில் இடம் மாறி ஊன்றும் சத்தம், நெருக்கத்தில் ஒருவர் மேல் ஒருவர் உரசும் துணியின் சரசரப்பு, மண்சட்டி ஒன்று இன்னொன்றில் இடித்து அடங்கும் சத்தம். அதற்கும் மேலே, சாயப்பட்டறை நாற்றத்தையும் பஞ்சுத் தூசி வாசத்தையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, பெரிய அண்டாவில் வேகும் கம்பங்கஞ்சியின் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்து வீட்டுக்குள் நின்றது. அவளுக்கு, சொல்ல வெட்கமாக இருந்தது, பசித்தது. நாள் கணக்காகச் சாப்பிடாதவளைப்போலப் பசித்தது. சன்னலுக்குப் போகாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வந்ததும் எல்லாம் துடைத்தாற்போலப் போய்விட்டது, வாசனை உட்பட.

மகுடேஸ்வரன் நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து அவர் வந்ததும் சொன்னாள். கம்பெனி வேனுக்கு நிற்கும் வடக்கத்திப் பசங்களாக இருக்கும் என்றார். கேட் பூட்டியிருந்தது என்று அவள் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"உனக்கு எப்பவும் யாரோ பாக்கற மாதிரியேதான் இருக்குது அம்மணி. உடு, செரியாப்போயிரும்," என்றார்.

அதில் தப்பாக எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ராயபுரத்தை விட்டு வந்த பிறகு ஒரு நாளும் பார்க்கவில்லை.

கீழே குடோன் வைத்திருந்தவர் சலாவுதீன். கம்பெனிகளில் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை வாங்கி, நிறம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்புகிறவர். அமைதியான மனிதர். பொழுது சாயத் தொடங்கினால் போதும், மூட்டை பாதி கட்டியிருந்தாலும் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிவிடுவார். தொழுகைக்குப் போகிறார் என்றே யாழினி நினைத்திருந்தாள். ஒரு மத்தியானம் தண்ணீர் எடுக்கக் கீழே போனபோது கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க பாய், பொழுதானா இங்க யாராச்சும் வந்து நிக்கறாங்களா?"

அவர் கையிலிருந்த சிவப்புத் துண்டைக் கீழே போட்டார். வீட்டு ஓனர் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டார். பிறகு, ரோட்டையே பார்த்தபடி, இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதையை அவளுக்குச் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பஞ்சம். பக்கத்தில் நாலு குடிசை சேர்ந்த ஒரு வளவில் முத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் பிழைப்புத் தேடிப் போனவன் திரும்பவில்லை. இரண்டு குழந்தைகள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஊர் முழுக்கக் கஞ்சிக்கு அலைந்தாள். எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் வீட்டிலும் பசிதான், ஆனால் சாத்தினார்கள். ஒரு விடிகாலையில் அவள் இரண்டையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தாள். குழந்தைகள் போய்விட்டன. அவளை மட்டும் கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

"பொழைக்க வெச்சுத்தானுங்க தூக்குல போட்டாங்க," என்றார் சலாவுதீன்.

பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று சீமை முழுக்கப் பேச்சு. எல்லாருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று கோர்ட்டுக் கச்சேரியில் தீர்ப்பு எழுதி, இங்கேயே கொண்டுவந்து, ரோட்டோரத்துப் புளியமரத்தில் ஏற்றினார்கள். சுற்றுவட்டாரம் எல்லாம் தண்டோரா போட்டார்கள். பஞ்சத்தில் நடக்கவே தெம்பில்லாத சனம், யார் வருவார்கள்? அதனால் வந்தவர்களுக்குக் கஞ்சி என்று சொல்லிவிட்டார்கள். சனம் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அண்டா அண்டாவாகக் கஞ்சி கொதித்தது. ஆனால் முதலில் ஊற்றவில்லை.

"அவ உசுரு அடங்குன பொறவுதானுங்க ஊத்துனாங்களாம். அதனால அத்தனை சனமும் அவளையே பாத்துட்டு நின்னுச்சாம். எப்ப முடியும், எப்ப முடியும்னு."

அந்த அண்டாவில் ஒரு சட்டி போதுமாக இருந்திருக்கும் அந்த இரண்டு குழந்தைகளுக்கு. அதை அவர் சொல்லவில்லை. இருவருமே அதைத்தான் நினைத்தார்கள்.

மரம் எங்கே இருந்தது என்று யாழினி கேட்டாள். இந்தக் கட்டடம் கட்டும்போதுதான் வெட்டினார்கள் என்று சொன்ன சலாவுதீன், தலையை நிமிர்த்தி, அவள் குடியிருக்கும் மாடியைப் பார்த்தார். பெரிய கிளை ஒன்று ரோட்டைப் பார்த்து நீண்டிருந்ததாம். அவர் பார்வை நின்ற இடத்தில் அவள் வீட்டுச் சன்னல் இருந்தது.

"நான் பாத்ததில்லீங்க. பாக்கறதுமில்ல. பொழுதோட பூட்டிட்டுப் போயிருவேன். நீங்களும் எங்கியாச்சும் போயிருங்க அம்மணி."

அன்று இரவே அவள் மகுடேஸ்வரனிடம் கொமரலிங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன் என்றார். துணிமணிகளைப் பையில் அடுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. முத்தாயியைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்கள் அவளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்கள் அவளுக்குப் பழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. ரோட்டுமுனை டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு வெடித்து, நீலமாக ஒரு வெளிச்சம் அடித்து, வட்டாரமே இருண்டது. எதிர்க் கம்பெனியில் வேலை இல்லை. சம்பள நாள் என்று எல்லாரும் நேரத்தோடு போயிருந்தார்கள். இந்த முறை ஜெனரேட்டர் ஓடவில்லை. விளக்கு வரவில்லை. மழை அடித்துப் பெய்து சட்டென்று விட்டது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம். ஈர மண் வாசனை. அதற்குள்ளிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, கஞ்சி வாசனை.

இருமல்.

கீழே ஓடிவிடலாம் என்று கதவைத் திறந்தாள். படி வெளிப்பக்கமாகத்தான் இறங்கியது, நேராக வாசலுக்கு. கடைசிப் படி வரை இருட்டு அடர்ந்திருந்தது. இருட்டு மூச்சு விட்டது. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சன்னலுக்குப் போகக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் முதுகில், கழுத்தில், பிடரியில், சுவரைத் தாண்டி வந்து ஊன்றும் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. எத்தனை நாள்தான் திரும்பாமல் இருப்பது? ராயபுரத்தில் ஒரு நாள் முழுக்கத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறையாவது நிமிர்ந்து அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

போனாள். பார்த்தாள்.

வாசல் நிறைந்திருந்தது. கேட்டைத் தாண்டி ரோடு நிறைந்திருந்தது. ரோட்டைத் தாண்டி, இருட்டு முடியும் வரை, தலைகள். தோல் ஒட்டிய மண்டைகள். குழிந்த கன்னங்கள். நெஞ்சோடு அணைத்த சட்டிகள். ஆண்கள், பெண்கள், கிழவிகள். கோபம் இல்லை அந்த முகங்களில். வெறுப்பும் இல்லை. பசி மட்டும். எல்லா முகமும் நிமிர்ந்திருந்தது. எல்லாக் கண்ணும் அவள் மேல்.

அவளால் நகர முடியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். கம்பி சில்லென்றிருந்தது. பிறகு கை சில்லென்றிருந்தது. அவள் கை மேல் இன்னொரு கை.

ஈரக் கை. கிணற்றுப் பாசி வாசம். பக்கத்தில் யாரோ, அவள் உயரத்துக்கே, அவளைப்போலவே கூட்டத்தைப் பார்த்தபடி. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அந்த விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. இழுக்கப்போகிறது என்று நினைத்தாள். இழுக்கவில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

யாழினிக்கு அழுகை பொங்கியது. எனக்கு ஞாபகம் இல்லை, எனக்கு ஞாபகம் இல்லை என்று முணுமுணுத்தாள். யாரிடம் சொன்னாளோ. பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது.

ரோட்டில் வெளிச்சம்.

பைக் ஒன்று வந்து கேட் முன்னால் நின்றது. மகுடேஸ்வரன். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் கேட்டைத் திறந்து பைக்கை உள்ளே தள்ளி ஸ்டாண்ட் போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். தினமும் செய்வதுபோலவே, அவசரம் இல்லாமல். அந்த முகங்களுக்கு நடுவில் ஒருவரையும் இடிக்காமல் நடந்து வந்தார்.

வந்துவிட்டார். மேலே வந்துவிடுவார்.

"ஏனுங்க," என்றாள். குரல் கிழிந்து வந்தது. "ஏனுங்க, மேல வாங்க."

அவர் படியருகே நின்றார். படியில் கால் வைக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, முன்வரிசையில், இரண்டு கிழவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு விட்டிருந்த இடத்தில் போய் நின்றார். நின்று, நிமிர்ந்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு கொண்டுபோன தூக்குப்போசியின் மூடியைத் திருகிக் கழற்றினார். காலிப் போசியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து, அவளையே பார்த்தபடி காத்திருந்தார்.