ஆணி மடக்குபவன்

ஆசாரி பட்டறைக்கு வந்தபோது மதிய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே அரையிருட்டு, தாரும் ஈர மரமும் கலந்த வாடை. தம்பியின் பழைய மரப்படகு முட்டுக்கட்டைகள்மேல் நின்றது. கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை. விலாக்கட்டைகள் முறிந்து படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஊரே அழுதது. ஆசாரிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சு மரத்துப்போயிருந்தது.

தம்பி மனைவி படகை விற்றுவிட்டாள். புது விலாக்கட்டைகளோடு பலகையைச் சேர்த்து ஆணியடித்துவிட்டால் சாயங்காலம் ஆள் வந்து கொண்டுபோவான். அப்புறம் தம்பி என்று தொட்டுப்பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இது ஒற்றை ஆள் வேலையில்லை. வெளியே ஒருவன் ஆணியை அடிப்பான். மேல்தளத்துக்கு அடியில் முடங்கிக் கிடப்பவன் இரும்புக்கட்டையை அண்டக்கொடுத்து, துருத்தும் முனையை மடக்குவான். மடங்கியதும் அடையாளமாக உள்ளிருந்து ஒரு தட்டு, அடுத்த ஆணி. இத்தனை காலம் உள்ளே கிடந்தவன் தம்பிதான். குசும்பன், இரண்டு தட்டுத் தட்டுவான். இன்று மச்சினனை முன்னாலேயே அனுப்பியிருந்தார்.

"உள்ளதானே இருக்க?"

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று முனகியபடி ஆசாரி முதல் ஆணியை இறக்கினார்.

டொக், டொக்.

தம்பியின் பழக்கம் இவனுக்கும் தொற்றிவிட்டதாக்கும்.

ஆணிகள் இறங்கின. தட்டு பிசகாமல் வந்தது. அந்த வெயிலிலும் பலகை சில்லென்றிருந்தது.

வாசலில் நிழலாடியது. டீ கிளாசோடு மச்சினன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா, கடையில பேச்சு வாக்குல நேரம் போயிடுச்சு. உள்ள யாரு?"

ஆசாரியின் கை நின்றது.

டொக், டொக்.

டீ சிந்தியது.

"மாமா... வாங்க, போயிடலாம்" என்று கிசுகிசுத்தான்.

"நீ போ."

அவன் விழுந்தடித்து ஓடினான். ஆசாரிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மிச்சம் ஒரே ஆணிதான். அதை அடித்தால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பவனுக்கும் இங்கே வேலையில்லை.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குறடை எடுத்தார். ஏற்கெனவே அடித்த ஓர் ஆணியின் தலையைக் கவ்விப் பிடித்தார். முனை மடங்கிய ஆணியை வெளியிலிருந்து பிடுங்க முடியாது. உள்ளிருப்பவன்தான் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

"முடிக்க வேணாம்டா" என்றார் பலகையிடம்.

குறடைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசியது.

ஆசாரி இழுக்கவேயில்லை. ஆணி மெல்ல வெளியே வந்தது.