தொழுவத்துக்கு அடியில் இரண்டு கிணறுகள்

இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மாட்டுத் தொழுவம் கட்ட வேண்டுமென்றால்கூட, முதலில் அந்த நிலத்துக்கு அடியில் கிடக்கும் செத்துப்போனவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அதற்கு மண் விசாரணைச் சட்டம் என்று பெயர். விளைநிலத்தில் கடைக்கால் தோண்டுவதற்கு முன் தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் வந்து மண்ணைப் படிக்க வேண்டும். எலும்பு கிடைத்தால் அதன் வாரிசுகள் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அது பெரிய வேலையும் இல்லை. பிறக்கும்போதே ஒவ்வொருவரின் மரபணுவும் அரசின் உயிரேட்டில் பதிவாகிவிடுகிறது. விரல் நுனி அளவு எலும்புத் துண்டு போதும், நானூறு ஆண்டுக்குப் பிந்தைய கொள்ளுப்பேரன்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். வாரிசுகள் ‘சரி’ என்றால் எலும்பை வேறு இடத்தில் புதைத்துவிட்டுத் தடையில்லாச் சான்று கொடுப்பார்கள்.

கூத்தலூரணியில் கோமதிநாயகம் அந்தச் சான்றுக்காகத்தான் காத்திருந்தார். அவருடைய பண்ணையில் அறுநூறு மாடுகள். ஒவ்வொன்றின் காதிலும் ஒரு செவிச்சில்லு. காலையில் அவர் மனைவி வடிவு தொழுவத்துக்குள் நுழைந்ததும், “இடது பின்காம்பில் வலி”, “நேற்றிலிருந்து அசை போடவில்லை” என்று மாடுகளின் புகார்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். வடிவு அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டே மருந்து கொடுப்பாள். ஆனால் தொழுவம் கரிசலில் இறங்கிக்கொண்டிருந்தது. வடக்குச் சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. ஐப்பசி மழைக்குள் பக்கத்து நிலத்தில் ஏழு மாடி அடுக்குத் தொழுவம் எழும்பவில்லை என்றால் பழைய கட்டடம் மாடுகளின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

ஆவணி முதல் வாரத்தில் ஆய்வாளர் உமையரசி வந்து இறங்கினாள். நாற்பத்திரண்டு வயது. மதுரையில் வேலை, பூர்வீகம் இதே கரிசல் சீமை. கூடவே அவளுடைய மண்வாசிப்பான். ஆட்டுக்குட்டி அளவு, எட்டுக் கால், மண்ணுக்குள் ஊசிகளை இறக்கி அடுக்கடுக்காகப் படிக்கும் இயந்திரம். ஊரார் அதற்கு அன்றைக்கே ‘நண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருங்கம்மா. மழை நம்மளக் கேட்டுட்டா வருது?” என்றார் கோமதிநாயகம்.

“பத்து நாள் போதும் அண்ணாச்சி. இருபது வருஷமாத் தோண்டுறேன். பிளாஸ்டிக் பையைத் தவிர வேற ஒண்ணும் பாத்ததில்ல. இங்கயும் அதுதான் இருக்கும்.”

அவள் சொன்னது பலிக்கவில்லை. மூன்றாம் நாளே நண்டு ஒரு கிணற்றைக் கண்டுபிடித்தது. கல் கட்டிய ஆழமான கிணறு, இறங்கப் படிகள். ஐந்தாம் நாள், அதிலிருந்து நூற்று நாற்பது அடி தள்ளி இன்னொன்று. அது சும்மா ஒரு குழி, கட்டுமானம் ஏதும் இல்லை. அடிமண்ணைச் சோதித்ததில் முதல் கிணற்றில் நல்ல தண்ணீர், இரண்டாவதில் உப்புத் தண்ணீர். இரண்டும் ஒரே காலத்தவை. பிறகு கிணற்றுக்கு ஒன்றாக இரண்டு இடுகாடுகள் வெளிப்பட்டன. நடுவே சிமெண்டுச் சுவர்.

நண்டு திணறியது. அது தன் தட்டையான குரலில் சொன்னது: “நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு பிரிவினர் உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். எலும்புகளில் அதன் நோய் தெரிகிறது. இரு பிரிவினரும் ஒரே மனித இனம். மொழி ஒன்று, உணவு ஒன்று. சுவரின் காலம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். இவர்கள் நிலவுக்குக் கலம் அனுப்பிய காலத்தவர்கள். ஆகவே அறியாமை காரணம் அல்ல. வேறு காரணம் தேவை.”

உமையரசிக்குக் காரணம் தெரிந்திருந்தது, ஆனால் மங்கலாக. மாணவப் பருவத்தில் பழைய ஆவணங்களில் ஒரு சொல்லைப் பார்த்திருந்தாள். சாதி. அகராதியில் அதற்கு நேராக ‘வழக்கொழிந்தது’ என்று போட்டிருக்கும். பெருவறட்சிக் காலத்தில் கரிசல் சீமையே காலியாகி, ஜனங்கள் கடலோரத்துக் கூடாரங்களில் நூறு ஆண்டுக்கு மேல் கிடந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு குழாய். இரண்டாவது குழாய்க்குத் தண்ணீர் இல்லை. அந்த வரிசையில் நின்று நின்றே அவர்கள் அதை மறந்துபோனார்கள். திருந்தியதால் மறக்கவில்லை, தாகத்தில் மறந்தார்கள்.

அவள் அதை விளக்கியதும் கோமதிநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார்.

“பொறக்கும்போதே ஒருத்தன் ஒசத்தி, ஒருத்தன் மட்டமா? எதை வச்சும்மா கண்டுபிடிப்பாக?”

“அவங்க அப்பா அம்மாவை வச்சு.”

“அவுகளை?”

“அவங்க அப்பா அம்மாவை வச்சு.”

வடிவும் சேர்ந்து சிரித்தாள். “எங்க மாடுககூட இப்படிப் பேசாதுங்கம்மா” என்று சொல்லி, மோர் டம்ளரை உமையரசியின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

எலும்புகளின் வாரிசுகளைத் தேடியபோது, கூத்தலூரணியில் இப்போது இருக்கும் முந்நூற்றுப் பதினெட்டுப் பேரும் வாரிசுகள்தான் என்று தெரிந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. உமையரசி அந்த விதியைப் படித்துத்தான் இருந்தாள். ஆனால் இருபது ஆண்டுகளில் கிடைத்த முதல் பெரிய கண்டுபிடிப்பு. முந்நூறு முகங்கள் வாயைப் பிளந்து கேட்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை. மாலைக் கறப்பு முடிந்ததும், ஊரார் கூடிப் பால் குடிக்கும் பால் மன்றத்தில் எல்லாரையும் கூட்டினாள்.

பிரமாதமாகப் பேசினாள். உப்புக் கிணற்றுக்காரர்களின் அரித்த பற்களைப் பெரிதாக்கிக் காட்டியபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுவரைக் காட்டியபோது, “சீ, என்ன ஜென்மங்களோ!” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து கோமதிநாயகத்தின் தங்கை பொன்னுலட்சுமி எழுந்து, விளையாட்டுப் போலக் கேட்டாள்:

“ஏம்மா, அப்ப நான் எந்தக் கெணறு?”

சிரிப்பு எழுந்தது. வாரிசு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது நண்டுக்குக் கட்டளை. “நல்ல தண்ணீர்க் கிணறு” என்றது.

“அட, தப்பிச்சேன்!” என்றாள் பொன்னுலட்சுமி. மறுபடியும் சிரிப்பு.

அடுத்து ஒருவர் கேட்டார். அடுத்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் நண்டின் முன்னால் வரிசை நின்றது. ‘நல்ல தண்ணீர்’ என்ற பதிலுக்கு எழுந்த சிரிப்பு போகப் போகச் சத்தமாகியது. ‘உப்பு’ என்ற பதிலுக்கு எழுந்த சிரிப்பு போகப் போகக் குறைந்து, பிறகு நின்றே போனது. கோமதிநாயகம் நல்ல தண்ணீர். வடிவு உப்பு.

“முப்பது வருசமா உப்புப் போட்டுத்தான சாப்பிடுதேன்!” என்று கோமதிநாயகம் பெரிதாகச் சிரித்தார். வடிவு சிரித்த மாதிரி இருந்தது. உமையரசி அப்போதே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம். ஒரே ஒரு சொல் போதும். அந்தக் கூட்டம் தன்னால் கூடியது என்ற பெருமை அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மறுநாள் பால் மன்றத்துக்குச் சிலர் தங்கள் வீட்டு டம்ளரைக் கொண்டுவந்தார்கள். கேட்டால், சுத்தம் என்றார்கள். நான்காம் நாள், நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். “ஒண்ணுமில்ல, சும்மா ஒரு யோசனை.” ஐந்தாம் நாள் கோமதிநாயகம் புதிய தொழுவத்தின் வரைபடத்தோடு வந்தார்.

“கீழ்த்தளத்துச் சாணிப் பொறியையெல்லாம் பாத்துக்கிட, உப்புக் கெணத்து ஆளுகளைப் போடலாம்னு சொல்லுதாக.”

“சாணி அள்ளுறது இயந்திரம்தானே அண்ணாச்சி?”

“இயந்திரந்தான். அதுக்குப் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்ல?” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வடிவு மேல்தளத்துலயே இருக்கட்டும். நம்ம வீட்டு ஆளு. அவ ஏறி வர வேணா தனியா ஒரு மாடிப்படி வச்சிருவோம். நான் சொல்லல, ஊர்ல சொல்லுதாக.”

அவருக்கு அப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே வரைபடத்தில் அந்தப் படியை எங்கே வைப்பது என்று விரலால் காட்டினார்.

அன்று மதியம் உமையரசி தொழுவத்துக்குப் போனாள். உள்ளே ஒரு பசுவின் செவிச்சில்லு விடாமல், “தாகமாக இருக்கிறது, தாகமாக இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தது. வடிவு அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்தாள். பானையிலிருந்து மோர் ஊற்றினாள். இத்தனை நாளும் கேட்காமல் கையில் திணிக்கிறவள், டம்ளரை நீட்டாமல் மேடையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“குடிப்பீகளாம்மா?”

உமையரசி சட்டென்று எடுத்துக் குடித்தாள். முழுவதையும், மூச்சு விடாமல், சத்தம் வரும்படி. குடித்து முடித்த பிறகுதான் புரிந்தது, தாகத்துக்காகக் குடிக்கவில்லை. தான் குடிப்பதை வடிவு பார்க்க வேண்டும் என்பதற்காகக் குடித்திருந்தாள். உடம்பெல்லாம் கூசியது. வடிவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். டம்ளரை வாங்கிக் கழுவினாள்.

“உங்க நாத்தனார் ஏதாச்சும் சொன்னாங்களா அக்கா?”

“சொல்லலம்மா. நேத்து விருந்துக்குக் கூப்பிட்டா. போனேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுனாக. ரொம்ப நல்லாப் பேசுனாக.” வடிவு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “இதுக்கு முன்னால யாரும் எங்கிட்ட அம்புட்டு நல்லாப் பேசுனதே இல்ல.”

உமையரசி விடுதிக்குத் திரும்பி, ஆய்வறிக்கையில் தான் எடுத்துச் சொல்லாமல் விட்ட ஒரு பக்கத்தைத் திறந்தாள். அவளுக்கு அது முதல் கூட்டத்துக்கு முன்பே தெரியும். நானூறு ஆண்டுகளில், அதிலும் கூடாரங்களில் கிடந்த நூறு ஆண்டுகளில், ரத்தம் கலந்துவிட்டது. கூத்தலூரணியில் இரண்டு கிணற்றிலும் முன்னோர் இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. எந்தப் பக்கம் சற்றுக் கூடுதலோ அதை மட்டும் நண்டு பதிலாகச் சொல்லியிருந்தது. அன்று மன்றத்தில் இதைச் சொல்லியிருந்தால் கதை தட்டையாகப் போயிருக்கும். கைதட்டல் வந்திருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. தன்னிடமே இதை ஒப்புக்கொள்ள அவளுக்கு அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

மறுநாள் மாலை மறுபடியும் ஊரைக் கூட்டினாள். இம்முறை ஜனங்கள் மன்றத்தின் இரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடைபாதை விழுந்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றுதான் கேட்டால் சொல்வார்கள்.

“தப்பு என்னோடது” என்று தொடங்கினாள். “உங்ககிட்டத் தனித்தனியாச் சொல்ல வேண்டியதைக் கூட்டத்துல வச்சுச் சொன்னேன். அதையும் பாதிதான் சொன்னேன். இந்த ஊர்ல நல்ல தண்ணீர் ஆளுன்னோ உப்புத் தண்ணீர் ஆளுன்னோ யாருமே கிடையாது. உங்க ஒவ்வொருத்தர் உடம்புலயும் ரெண்டு கிணறும் இருக்கு. சுவர் கட்டினவங்களும் உங்க பாட்டன்மார்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னவங்களும் உங்க பாட்டன்மார்தான்.”

பொன்னுலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். கோமதிநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு பெரியவர் எழுந்து நடைபாதையைக் கடந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். எப்படியோ தப்பித்துவிட்டோம் என்று உமையரசி நினைத்தாள்.

கோமதிநாயகம் கையை உயர்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேம்மா. சும்மா தெரிஞ்சுக்கத்தான். நூத்துக்கு எம்புட்டு?”

“என்ன எம்புட்டு அண்ணாச்சி?”

“எனக்கு. நல்ல தண்ணி நூத்துக்கு எம்புட்டு?”

அவள் வாய் திறப்பதற்குள் நண்டு சொல்லிவிட்டது. “ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு ஒன்று.”

பொன்னுலட்சுமி தலையை நிமிர்த்தினாள். கூடப்பிறந்த அண்ணன். ஆனாலும் தனக்கு ஒன்றிரண்டு கூட இருக்காதா என்ற நப்பாசை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் எழுந்து நண்டின் முன்னால் போய் நின்றாள். பின்னால் இன்னொருவர். கடந்து போய் உட்கார்ந்த பெரியவரும் எழுந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். இந்த முறை உமையரசி, “நிறுத்து” என்றாள். நண்டு நிற்கவில்லை. வாரிசின் கேள்வி ஆய்வாளரின் ஆணையைவிடப் பெரியது என்று சட்டத்தில் இருந்தது. முதல் கூட்டத்தையே கலைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முந்நூறு பேரும் எண்ணோடுதான் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாக இருந்த ஊர் அன்று முந்நூறாக ஆனது.

வடிவு மட்டும் வரிசையில் நிற்கவில்லை.

எலும்புகளை நகர்த்த எல்லாரும் சம்மதித்தார்கள். அதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. இரண்டு நாள் கழித்து உமையரசி தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்டாள். வரைபடத்தில் இப்போது அந்த எண்களுக்கு ஏற்ப மூன்று மாடிப்படிகள் இருந்தன. கட்டடத்தின் உள்ளமைப்பு தொல்லியல் துறையின் பொறுப்பு இல்லை என்பதால் அதைக் கேட்க அவளுக்கு உரிமை கிடையாது.

ஊர்தியில் நண்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது வடிவு வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி நிறைய நெய்.

“ஊருக்குக் கொண்டு போங்கம்மா.”

உமையரசி வாங்கிக்கொண்டாள். “என்னை மன்னிச்சிருங்க அக்கா. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.”

“விடுங்கம்மா. நீங்க என்ன பண்ணுவீக, மண்ணுல இருந்ததத்தான சொன்னீக.” வடிவு நண்டின் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு கேக்கலாமா? நீங்களும் இந்தச் சீமைக்காரக தான. உங்களோடதப் பாத்தீகளா?”

“பாத்தேன் அக்கா. நல்ல தண்ணி, அறுபத்தொண்ணு புள்ளி நாலு மூணு.”

வடிவு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“பாத்தீகளான்னு மட்டுந்தாம்மா கேட்டேன்” என்றாள்.