கடித்த வாயைக் கடைசியில் திற

ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறை விட்டிருந்த அருங்காட்சியகத்தின் பின்வாசல் வழியாக இரண்டு பேர் உள்ளே போனார்கள். முன்னால் போனவனை எல்லோரும் உளி என்பார்கள். கல்லுக்குள் கிடக்கும் எலும்பைக் கீறல் படாமல் கொத்தி எடுப்பவன். பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தவன் அவன் மனைவியின் தம்பி. உடைந்த எலும்பை ஒட்டுவது அவன் வேலை என்பதால் அவன் பெயர் பசை.

பசையின் நடையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு கால் டக் என்று விழும். மற்றது சர்ர் என்று தரையில் தேய்ந்து வரும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கற்பாளம் அந்தப் பாதத்தில் விழுந்தது. கால் தடுக்கி அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான் என்று உளி வீட்டில் சொல்லிவைத்தான். உண்மையில் பாளத்துக்குக் கயிறு கட்டச் சோம்பல்பட்டவன் உளிதான். செய்ததைச் சொல்ல வாய் வராத அந்த மனுஷனுக்கு, அந்தக் காலைக் கிண்டல் பண்ண மட்டும் வாய் கூசவே இல்லை.

“சீக்கிரம் வா மச்சான். நீ வந்து சேர்றதுக்குள்ள உள்ள இருக்கற எலும்புக்கு உயிரே வந்துரும்.”

“வந்தா உன்னைத்தான் முதல்ல விசாரிக்கும் மாமா. கொத்தினது நீதானே,” என்றான் பசை.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். “திரும்பி வரும்போது தம்பியைப் பின்னால விட்டுட்டு நீங்க பாட்டுக்கு நடந்து வந்துராதீங்க. அவனுக்கு ஈடு கொடுக்க முடியாது. கூடவே கூட்டிட்டு வாங்க.” சரி சரி என்று தலையாட்டினான் உளி. அவன் தலையாட்டுவதற்குக் குறைச்சல் கிடையாது.

படி இறங்கினால் இரும்புக் கம்பிக் கதவு. அதைத் தாண்டி நீளமான நடைவழி. நடைவழியின் கோடியில், ஜன்னலே இல்லாத பட்டறை. நடுவில் ஒரு மேஜைமேல் கட்டில் அளவு கல். அந்தக் கல்லில்தான் இரண்டு மிருகங்கள் கட்டிப் புரண்டு கிடந்தன.

ஒன்று வேட்டை மிருகம். ஆள் உயரம், மெலிந்த உடம்பு, கால் விரலில் அரிவாள் மாதிரி ஒரு நகம். அந்த நகம் மற்றதின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. மற்றது புல் மேய்கிற மிருகம். பன்றிக் கனம், கிளி மூக்கு. அது சும்மா சாகவில்லை. வேட்டை மிருகத்தின் இன்னொரு காலைக் கணுவோடு கவ்விப் பிடித்திருந்தது. எலும்பு நொறுங்கும் அளவுக்குக் கடித்த பிறகும் விடவில்லை. அப்படியே மணல் சரிந்து இரண்டையும் மூடிவிட்டது. எத்தனை கோடி வருஷம் ஆனால் என்ன, பிடி பிடியாகவே இருந்தது.

போன வாரம் அருங்காட்சியகத் தலைவி வந்து பார்த்தார். இவர்களுக்கு அவர் வெறும் மேடம். வேட்டை என்றால் அவருக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். நின்றபடியே அரைமணி நேரம் பேசினார்.

“இது எடுத்த உடனே பாயாது. முதல்ல கூட்டத்தை ஓட விட்டுப் பார்க்கும். எது பின்தங்குதோ அதுதான் சாப்பாடு. கழுத்தைக் கடிச்சுக் கொல்லவும் செய்யாது. கீழ தள்ளி மிதிச்சுக்கிட்டு, உயிரோட இருக்கும்போதே தின்ன ஆரம்பிச்சுரும். இப்பவும் பருந்து அப்படித்தானே செய்யுது?”

“ஐயோ, போதும் மேடம்,” என்றான் பசை.

“இன்னும் கேளுங்க. குரங்குக் குட்டி மாதிரியே கத்துற காட்டுப்பூனை ஒண்ணு இருக்கு. தன் குட்டின்னு நம்பித் தாய்க்குரங்கு கீழ இறங்கி வரும். அவ்வளவுதான்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை திறப்பு விழா. வேட்டை மிருகம் மட்டும் தனியா, கம்பீரமா மேடையில நிக்கணும். பிரிச்சிருங்க.”

பட்டறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கடித்த வாயைக் கடைசியில் திற. மற்ற எலும்பையெல்லாம் எடுத்துக் கட்டுப் போட்ட பிறகுதான் தாடையில் கை வைக்க வேண்டும். முதலில் திறந்தால் மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும் என்பார்கள். அதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மூன்று மணிக்குள் வீடு போய்ச் சேர ஆசைப்பட்ட உளி, நேராகத் தாடையில் உளியை வைத்தான்.

“மாமா, வேண்டாம். அதைக் கடைசியில செய்யலாம்.”

“அடப் போடா. எல்லாம் செத்துத் தொலைஞ்சு கல்லாப் போனது. ஓடியா போயிரும்?”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நாலு தட்டு தட்டினான். ஐந்தாவது தட்டில் மூக்கு விட்டுக்கொடுத்தது. அது கவ்வியிருந்த கணுக்கால் எலும்பு கழன்று, பக்கத்திலிருந்த தகரத் தட்டில் விழுந்து உருண்டது. கல்லுக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது மாதிரி உளிக்குப் பட்டது. தூசி என்று நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் வாடை அடித்தது. நனைந்த மணலும் புது ரத்தமும் கலந்த வாடை. உளி குனிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால், அலமாரி வரிசைக்கு அந்தப் பக்கம், பசை நடக்கும் சத்தம்.

டக். சர்ர்.

“மச்சான், சும்மா உலாத்தாதே. பசைக் குப்பியை எடு.”

“இந்தா மாமா,” என்று குரல் வந்தது.

எதிரிலிருந்து வந்தது.

பசை மேஜைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, குப்பியை நீட்டிக்கொண்டிருந்தான்.

டக். சர்ர்.

பசைக்கும் கேட்டுவிட்டது. முகம் வெளுத்துப்போய், தட்டைக் காட்டினான். கணுக்கால் எலும்பு அதில் இல்லை.

“மாமா,” என்று உதட்டை மட்டும் அசைத்தான். “மெதுவா நடந்து போயிரலாம். ஓடக் கூடாது. மேடம் சொன்னாங்கல்ல? ஓடினா...”

அலமாரி ஒன்று சரிந்து விழுந்தது. அச்சு வார்க்கும் வெள்ளைத் தூள் மூட்டை கிழிந்து, தரையெல்லாம் பரவி, நடைவழி வரைக்கும் கொட்டியது.

உளி ஓடினான்.

பசை சொல்லி வாய் மூடவில்லை, அவன் ஓடிவிட்டான். பின்னால் பசையும் ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமானால். விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தன. கம்பிக் கதவைத் தாண்டிய பிறகு உளி திரும்பிப் பார்த்தான். பசை பத்து எட்டுத் தூரத்தில் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யாருமே இல்லை.

வெள்ளைத் தூளில் மூன்று விரல் தடம் ஒன்று பதிந்தது.

அதன் பக்கத்தில் ஒரு நீளக் கோடு இழுபட்டது.

மறுபடி ஒரு தடம். பக்கத்தில் கோடு.

அவசரமே இல்லாமல் வந்தது. அதற்கு என்ன அவசரம்?

இரண்டு எட்டு உள்ளே போய்க் கையைக் கொடுத்திருந்தால் பசையை இழுத்துப் போட்டிருக்கலாம். நேரம் இருந்தது. இருந்தது என்று உளிக்கும் தெரியும். அவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான்.

பசை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கத்தவில்லை. மூச்சு வாங்க, ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினான்.

“கயிறு கட்டாதது நீதான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் மாமா. அக்கா மனசு நொந்துருமேன்னு ஒரு நாள் கூடச் சொல்லல. திற மாமா.”

உளி தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன.

படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்து, உளி காதைப் பொத்திக்கொண்டான். மேடம் சொன்னதில் ஒரு சொல் தப்பவில்லை. அது கழுத்தைத் தொடவே இல்லை. ரொம்ப நேரம் பசை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாமாவை இல்லை. அக்கா, அக்கா என்று. கீழே சத்தம் அடங்கியபோது உளியின் நெஞ்சில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. நான் தப்பித்தேன் என்ற நிம்மதி. அந்தப் பாவிக்கு அதில் வெட்கம்கூட வரவில்லை.

முன்வாசல் காவலாளியிடம்கூடச் சொல்லவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தான். அலமாரி விழுந்தது, அவன் கால் தடுக்கிற்று. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பழைய பொய்தான், சட்டை மட்டும் புதுசு. ஆறு வருஷத்துக்கு முன் நம்பியவள் இப்போதும் நம்புவாள்.

மாடி வீடு. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். மூன்று தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“தம்பி எங்க?”

வாயைத் திறந்தான். “அலமாரி...” என்று ஆரம்பிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

“எத்தனை தடவை சொன்னேன் கூடவே கூட்டிட்டு வாங்கன்னு? மறுபடியும் விட்டுட்டு வந்தாச்சா?”

கீழே, மாடிப்படியில் சத்தம் கேட்டது.

டக். சர்ர்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “இதோ வந்துட்டானே! பொறுமையா ஏறுடா, உன்னை யாரும் துரத்தல!” என்று கத்தியபடி தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

டக். சர்ர். டக்.

சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. கதவின் அடி இடுக்கில் நனைந்த மணல் வாடை உள்ளே வந்தது.

“அக்கா,” என்றது பசையின் குரல். அச்சு அசல் அவன் குரல். “திற அக்கா.”

தடுக்க நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். உளி மனைவியின் முதுகைப் பார்த்தான். ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். இன்னொரு எட்டு. சமையலறை வாசலைத் தாண்டினான்.

வாசல் தாழ்ப்பாளை அவள் திறந்தாள். சமையலறைத் தாழ்ப்பாளை அவன் போட்டான்.

பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. அவள் கத்தவே இல்லை. உளி கதவில் காதை வைத்தான்.

டக். சர்ர். கூடத்தைக் கடந்து வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

“என்னங்க,” என்றது மனைவியின் குரல், ரொம்ப அன்பாக. “கதவைத் திறங்க. தம்பி வந்திருக்கான்.”