இரண்டு துண்டு அதிகம்

"ஐயோ...! மாமா...!"

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றே கால். ராயபுரத்தில் அந்தத் தெருவே கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தது.

சுபஸ்ரீயின் அலறலில் அத்தனை மிக்ஸிகளும் நின்றன!

போர்ட்டிகோவில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். முன்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

தரணீதரனின் கால்கள்!

சுபஸ்ரீயின் வலது கையில் ஜாக்கின் கைப்பிடி இன்னும் இருந்தது.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான்...

"சுபா! புது பம்ப்பு மாட்டியாச்சு, கூலன்ட் ஊத்தியாச்சு, இஞ்சினையும் ஓட்டிப் பாத்தாச்சு... ஒரு சொட்டு கூட ஒழுகல!" என்று காருக்கு அடியிலிருந்து சிரித்தான் அவள் புருஷன்.

ஒரு மாதமாக அந்தக் காரின் தண்ணீர் பம்ப் அவனைப் படுத்தி எடுத்தது. கார் நின்ற இடத்திலெல்லாம் ரோஸ் நிறத்தில் கூலன்ட் குட்டை. பல்லடம் தாண்டுவதற்குள் இஞ்சின் கொதித்தது. சர்வீஸ் சென்டரில் இரண்டு வாரம் காரை விடச் சொன்னார்கள்.

அவனா விடுவான்?

"நிட்டிங் மெஷினையே பிரிச்சு மாட்டறவன் நானு. ஒரு பம்ப்பு மாட்ட மாட்டனா?" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

காரின் முன்பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்கினான். இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்தான். ஸ்டாண்டின் உள்குழாயை உயர்த்திக் குறுக்கே ஒரு பின் செருகினால்தான் அது பாரத்தைத் தாங்கும். பின் செருகும் வேலை சுபஸ்ரீக்கு.

"ரெண்டும் செருகியாச்சா கண்ணு?"

"செருகியாச்சுங்க மாமா!"

ஒரு காதில் செல்போன். போனில் அம்மா. அப்படித்தான் செருகினாள்.

கழற்றிய பம்பிலிருந்து ரோஸ் தண்ணீர் கொட்டி, ஸ்டாண்டையெல்லாம் நனைத்தது. அடியில் படுத்துக்கொண்டே அவன் என்னவோ சொன்னான்.

"நாளைக்கு நம்மகிட்டத் துணி வாங்கற ஃபாரின் பையருக்கு ஒரு மெயில் போடோணும் சுபா. போட்டா தம்பிக்குக் கோவம் வரும். போடலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

"அதென்னங்க மெயில்?"

"வேலை முடியட்டும். சொல்றேன்."

வேலை முடிந்தது.

"ஜாக்கை இறக்கி வெளிய இழுத்துக்க. காலுக்கு எடஞ்சலா இருக்குது."

அவள் கைப்பிடியைத் திருகினாள். ஜாக் இறங்கியது. பாரம் ஸ்டாண்டுக்குப் போனது.

டக்...!

அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டான் தரணீதரன்!

*

மாடியிலிருந்து முதலில் ஓடி வந்தவன் சதீஷ்குமார். தரணீதரனின் தம்பி. நெருப்பெரிச்சலில் இருக்கும் அவர்களுடைய பனியன் கம்பெனியில் உற்பத்தி முழுக்க அவன் பொறுப்பு.

"அண்ணா...!" என்று காருக்கு அடியில் பாய்ந்து படுத்தான். ஸ்டாண்டைப் புரட்டினான். அழுதான். அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். பயனில்லை.

இன்ஸ்பெக்டர் சிவபிரகாஷ் வந்தபோது, சதீஷ்குமார் டூல் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"சார்... ஒரு ஸ்டாண்டுல பின்னே இல்லீங்க. பாருங்க, அது டூல் பெட்டிக்குள்ளயே கெடக்குது."

சுபஸ்ரீ நிமிர்ந்தாள்.

"இல்லீங்க தம்பி... நான் ரெண்டும் செருகினனுங்க..."

"நங்கை..." அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். குரலில் தேன் ஒழுகியது. "போன்ல பேசிட்டு இருந்தீங்க. மறந்திருப்பீங்க. ஜாக்கு தாங்கிட்டு இருந்ததால அண்ணனுக்கும் தெரியல. உங்களை யாருங்க குத்தம் சொல்லப் போறாங்க?"

யாருமே சொல்லவில்லை.

அவளே சொல்லிக்கொண்டாள்!

*

பதினாறு நாள்.

அந்த வலது கையால் சுபஸ்ரீ ஒரு பிடி சோறு அள்ளவில்லை. ஸ்பூனை இடது கையில் பிடித்து, கொறித்ததாகப் பேர் பண்ணினாள். கண்ணை மூடினால் 'டக்'. திறந்தால் போர்ட்டிகோவில் கார்.

அதன் பக்கத்தில், அவன் கழற்றிப் போட்ட பழைய பம்ப். அதைத் துடைத்துத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவன் கை பட்ட கடைசிப் பொருளில் அதுவும் ஒன்று.

பதினேழாம் நாள் காலை இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள்.

"சார்... எம் புருசனை நாந்தான் கொன்னேன். என்னை அரெஸ்ட் பண்ணுங்க."

மறுமுனையில் சிவபிரகாஷ் பெருமூச்சு விட்டார்.

"பின் போட மறந்தா அது கொலை இல்லீங்கம்மா."

"மறந்து போனாலும் செத்தது செத்ததுதானுங்களே சார்?"

"ஒரு கப் காபி குடிங்க. மத்தியானம் நானே வர்றேன்."

"ஊட்ல இருக்க மாட்டனுங்க. கம்பெனில கையெழுத்து நிறைய நிக்குதாம். அங்க வாங்க."

*

தரணீதரனின் நாற்காலியில் உட்காராமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் சுபஸ்ரீ.

கதவு தட்டப்பட்டது.

மயிலாள். வயது ஐம்பது. கம்பெனியில் ஊசிக்கு அவள்தான் இன்சார்ஜ். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், அத்தனை துண்டையும் தேடிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் தையல் லைனே நிற்கும். குழந்தை உடுப்புக்குள் ஊசி முனை போய்விட்டால் யார் பதில் சொல்வது? துண்டுகளை நோட்டில் எழுதி, எண்ணி, டப்பாவில் போட்டுப் பூட்டுவாள். டப்பா மாதக் கடைசியில் அப்படியே உருக்குவதற்குப் போகும்.

"அம்மிணி... ஊசி நோட்டுல ஒரு கையெழுத்து. பெரியவருதான் போடுவாரு..." அவள் நோட்டை மேஜையில் வைத்தாள். "ஒரு கணக்கு இடிக்குதுங்க."

"என்னக்கா?"

"சனிக்கிழமை சாயந்தரம் டப்பாவை எண்ணிப் பூட்டினனுங்க. ஞாயித்துக்கெழமை பெரியவரு போயிட்டாரு. மூணு நாள் லீவு. வியாழக்கெழமை வந்து எண்ணினா... ரெண்டு துண்டு அதிகமுங்க!"

"குறைஞ்சாத்தானே தப்பு?"

"அதிகமானாலும் தப்புத்தானுங்க. எழுதாத துண்டு டப்பாவுக்குள்ள இருக்கக் கூடாது. அதான் எடுத்து நோட்டுல ஒட்டி வெச்சிருக்கறேன். ஆனா அம்மிணி... இது ஊசியே இல்லீங்க."

நோட்டைத் திருப்பினாள்.

செல்லோ டேப்புக்குள் இரண்டு இரும்புத் துண்டு. சுண்டு விரல் கனம்.

அந்தக் கனம் சுபஸ்ரீயின் விரல்களுக்குத் தெரியும். ஸ்டாண்டின் பின்!

இரண்டையும் பிரித்துச் சேர்த்துப் பிடித்தாள். பொருந்தின. உடைந்த இடத்தில் பாதி பிசிறு. மீதிப் பாதி மழமழவென்று... ஹேக்ஸா பிளேடால் அறுத்த வெட்டு! வெட்டை மறைக்கக் கிரீஸ். கிரீஸின் மேல் காய்ந்துபோன ரோஸ் கறை.

கூலன்ட்!

அப்படியென்றால் அவள் பின்னைச் செருகியிருக்கிறாள். இரண்டையுமே செருகியிருக்கிறாள்! அதில் ஒன்று பாதி அறுத்த பின். பாரம் வந்ததும் முறிந்தது. முறிந்ததை எவனோ பொறுக்கிக்கொண்டு, நல்ல பின்னை டூல் பெட்டிக்குள் போட்டிருக்கிறான்.

முதலில் காருக்கு அடியில் பாய்ந்தது யார்?

"ஊசி ரூம் சாவி யாருகிட்டக்கா இருக்குது?"

"எங்கிட்ட ஒண்ணு. சின்ன முதலாளிகிட்ட ஒண்ணு."

"சதீஷுக்கு நீங்க தினமும் எண்ணறது தெரியாதா?"

மயிலாள் உதட்டைப் பிதுக்கினாள். "அவரு ஒரு நாளாச்சும் இந்த நோட்டைப் பொரட்டியிருந்தாத்தானுங்க! போன மாசம் குழந்தைக உடுப்புல நாலாயிரம் பீஸு. ஊசி கண்டுபிடிக்கிற மெஷினு ரிப்பேரு. லைனை நிறுத்தக் கூடாதுன்னு செக் பண்ணாமயே அட்டைப்பெட்டில கட்டச் சொல்லிட்டாரு. எம் மனசு கேக்கல. பெரியவருகிட்டச் சொன்னேன். 'திங்கக்கிழமை பையருக்கு எழுதிப் போடறேன்'னாரு. சனிக்கிழமை அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சத்தமுங்க."

தம்பிக்குக் கோபம் வரும் என்ற அந்த மெயில்!

சுபஸ்ரீ அழவில்லை. பதினாறு நாளில் முதல் முறையாக வலது கையால் போனை எடுத்தாள்.

"சார்... காபி ஆறிப் போச்சு. சீக்கிரம் வாங்க."

*

மத்தியானம் இரண்டு மணி. தையல் லைன் அத்தனையும் நின்றுவிட்டது.

சதீஷ்குமார் அறைக்குள் புயலாக நுழைந்தான்.

"என்னங்க நங்கை இது? லைனை நிறுத்தச் சொன்னீங்களாமா? நாளைக்கு கன்டெய்னருங்க!"

சுபஸ்ரீ உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரே ஒரு இரும்புத் துண்டு.

சதீஷ்குமாரின் முகத்தில் ரத்தம் சுண்டியது.

"எ... எங்கீங்க கெடைச்சுது?"

"பேக்கிங்ல. குழந்தை உடுப்புக்குள்ள இருந்துச்சாம். ஒரு துண்டுதான் கெடைச்சிருக்குது. மிச்சமும் பீஸுக்குள்ளதான் இருக்கோணும். கட்டின அட்டைப்பெட்டி அத்தனையும் பிரிக்கச் சொல்லிட்டனுங்க தம்பி. நாலு நாள் ஆனாலும் பரவால்ல. துண்டு கெடைக்காம லைன் ஓடக் கூடாது."

"நாலு நாளா?" சதீஷ்குமார் தலையில் கை வைத்தான். "கன்டெய்னர் போயிருமுங்க! பீஸுக்குள்ள எப்படிப் போகும்? ரெண்டும் அந்த ஊசி டப்பாவுலதானே..."

நாக்கைக் கடித்தான்.

லேட்!

"டப்பான்னு நான் சொல்லவே இல்லீங்களே தம்பி," என்றாள் சுபஸ்ரீ.

மூலையில் சாய்த்து வைத்திருந்த துணி ரோல்களுக்குப் பின்னாலிருந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு சிவபிரகாஷ் எழுந்தார்.

"நானும் கேக்கலையே தம்பி. ஏன், உங்களை இங்க யாருமே கேக்கலை!"

சதீஷ்குமார் சுவரோடு ஒட்டினான். வியர்த்தது. பிறகு கத்தினான்.

"அண்ணன் அந்த மெயிலைப் போட்டிருந்தா கம்பெனி பேரே போயிருக்கும் நங்கை! ஐநூறு குடும்பம் நடுத்தெருவுல! கால்ல விழுந்து கெஞ்சினேன்... கேக்கல!"

"பேரு போகும்னு அவரைக் கொன்னீங்க. சரி..." சுபஸ்ரீ வலது கையை அவன் முன்னால் நீட்டினாள். "பின்னை அறுத்துட்டு, ஏனுங்க தம்பி அதை எங் கையில செருக வெச்சீங்க? பதினாறு நாளா இந்தக் கையால சோறு அள்ளல நானு. நீங்க பந்தியில எனக்கு எதுக்க உக்காந்து, 'சாப்பிடுங்க நங்கை'ன்னு சொன்னீங்களே..."

அவன் கதவை நோக்கி நகர்ந்தான். வெளியே காத்திருந்த போலீஸ்காரர்கள் அவன் கையைப் பிடித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே லைன் மறுபடி ஓட ஆரம்பித்தது. பழக்க தோஷம், அந்த நிலையிலும் அவன் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தான்!

*

"இந்த நோட்டும் துண்டும் எவிடென்ஸ். நான் எடுத்துக்கறேன்," என்றார் சிவபிரகாஷ்.

மயிலாள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க சார். போலீஸுன்னா ரூல்ஸ் இல்லீங்களா?"

சிவபிரகாஷ் மறுபேச்சில்லாமல் போட்டார். அவர் பெயருக்குக் கீழே சுபஸ்ரீ தன் வலது கையால் எழுதினாள். எழுத்து ஆடியது. ஆனாலும் எழுதி முடித்தாள்.

சாயந்தரம் ராயபுரம் வீட்டுப் போர்ட்டிகோ. காரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். சுபஸ்ரீ சாவியை நீட்டினாள். கொடுத்த பிறகும் அவள் விரல்கள் அதை விடவில்லை. சிவபிரகாஷ் காத்திருந்து, மெதுவாக வாங்கிக்கொண்டார்.

இஞ்சின் உறுமியது. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சூட்டு முள் நடுவிலேயே நின்றது.

ஸ்டேஷன் போவதற்குள் சூடாகி நடுரோட்டில் நின்று மானத்தை வாங்குமோ என்று இன்ஸ்பெக்டருக்குக் கவலை. தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... வழியில எங்கயும் ஒழுகாதே?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"அவரு மாட்டின பம்ப்புங்க சார். ஒரு சொட்டு கூட ஒழுகாது. ஒழுகறதுக்குத்தான் நான் இருக்கேனே!"